டார்க் ரெஞ்ச் அளப்பது முறுக்கை, பிடியை அல்ல

குறிப்பிட்ட அளவு முறுக்குக்கு (திருகு விசைக்கு) இறுக்கப் பயன்படும் டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்றதும் போல்ட் சரியாக இறுகிவிட்டது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: நீங்கள் கொடுத்த முறுக்கு, வைத்த எண்ணைத் தொட்டுவிட்டது. அந்த முறுக்கு எதற்குச் செலவானது என்பது ரெஞ்சுக்குத் தெரியாது.

போல்ட் என்பது மிக விறைப்பான ஒரு ஸ்பிரிங். நட்டைத் திருகத் திருக அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது பழையபடி சுருங்கப் பார்க்கும், அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அந்தப் பிடி. அதை நேரடியாக அளப்பது சாதாரணப் பட்டறையில் நடக்கிற காரியமில்லை என்பதால், முறுக்கை அளந்து பிடியை ஊகித்துக்கொள்கிறோம். கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, போல்ட் தலைக்கு அடியில் உரசியே தீர்ந்துவிடும். இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் உரசிக் கரையும். மிச்சமிருக்கும் பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். முறுக்கு = கே × விட்டம் × இழுவிசை. இதில் கே என்பது உராய்வைக் குறிக்கும் எண். எண்ணெய் இல்லாத சாதாரண ஸ்டீல் மரைக்கு 0.2 சுமார், எண்ணெய் தடவியதற்கு 0.14 சுமார். எம்10 அளவில் (10 மில்லிமீட்டர் விட்டம்) 8.8 என்ற வலிமைத் தரத்துப் போல்ட் ஒன்றை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மரையில் கிடைப்பது 25,000 நியூட்டன் இழுவிசை, அதாவது இரண்டரை டன் பிடி. அந்தப் போல்ட்டின் குறுக்கு வெட்டில் சுமை தாங்கும் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். ஆக ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 431 நியூட்டன். அந்தத் தரத்துக்கு உத்தரவாதமான தாங்குதிறன் 580. முக்கால் பங்கில் நிற்கிறது, வேண்டியது அதுதான்.

அதே போல்ட், அதே ரெஞ்ச், அதே 50. மரையில் மட்டும் எண்ணெய் விட்டாயிற்று. இழுவிசை 35,700 நியூட்டனுக்குப் போகிறது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 616. 580-ஐத் தாண்டியாயிற்று, 640-இல் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். ரெஞ்ச் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் ‘டிக்’ என்றது. நான்கு சதவீதத் துல்லியமா, இரண்டு சதவீதத் துல்லியமா என்று கடையில் அலசும் நேரத்தில் கொஞ்சத்தையாவது மரையைத் துடைக்கச் செலவழிக்கலாம் என்பது இதனால்தான்.

ஆகவே மேனுவலில் எண்ணைப் பார்க்கும்போதே, அந்த எண் உலர்ந்த மரைக்கா, எண்ணெய் தடவிய மரைக்கா என்பதையும் பாருங்கள். எதுவும் சொல்லவில்லையென்றால் சுத்தமான, உலர்ந்த மரை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கார் சக்கர நட்டுகள் பெரும்பாலும் உலர்ந்த நிலைக்குத்தான் கணக்கிடப்பட்டிருக்கும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அவற்றில் கிரீஸ் பூசிவிட்டு அதே எண்ணுக்கு இறுக்குவது ஸ்டட்டை (நட் ஏறும் மரைக்கம்பியை) இழுத்து நீட்டும் வேலை. சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கு மாறாக, மரையிலும் தலைக்கு அடியிலும் எஞ்சின் ஆயில் தடவச் சொல்லியிருப்பார்கள். அங்கே உலர்வாக இறுக்கினால் பிடி போதாமல் கேஸ்கெட் ஒழுகும். ஸ்பார்க் பிளக்கில் ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசுவது இன்னொரு பழக்கம். பூச்சு கொண்ட மரையுள்ள பிளக்குகளுக்கு அது தேவையில்லை. பூசினால் அதே முறுக்கில் பிளக் அதிகமாக இறுகி, அலுமினிய ஹெட்டின் மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

எந்த அளவு வாங்குவது

மூட்டை நிறுக்கிற தராசில் குந்துமணித் தங்கத்தை நிறுக்க முடியாது. டார்க் ரெஞ்ச் விஷயத்திலும் அதேதான். கையால் இயக்கும் டார்க் ரெஞ்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலை, கருவியை வழக்கமாக அதன் உச்ச அளவில் 20, 60, 100 சதவீதங்களில் சோதிக்கச் சொல்கிறது. 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் என்றால் 40-க்குக் கீழே அதை நம்ப பெரும்பாலும் ஆதாரம் இருக்காது. ஸ்கேலில் 20 என்று கோடு போட்டிருந்தாலும் சரி. சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை இன்ச் உள்ள பெரிய ரெஞ்சை எம்6 போல்ட்டில் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறைந்த எண்ணில் ‘டிக்’ மிக மெலிதாக இருக்கும், கைக்கும் காதுக்கும் எட்டாது. இன்னும் வரவில்லையே என்று இழுத்துக்கொண்டே போவீர்கள். 10 நியூட்டன் மீட்டர் போதுமான போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும்.

வாங்கும் முன் ஒரு தாளில் உங்கள் வண்டியின் போல்ட் அளவுகளை எழுதிப் பாருங்கள். சைக்கிள் என்றால் பெரும்பாலான போல்ட்டுகள் 4-லிருந்து 15 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கும். கால் இன்ச் சதுர முனையுள்ள 2–20 ரெஞ்ச் அதற்குப் போதும். மோட்டார் சைக்கிளுக்கு 5–25 ஒன்று, 3/8 இன்ச்சில் 20–110 ஒன்று. காருக்கு 20–110 ஒன்றும் அரை இன்ச்சில் 40–200 ஒன்றும். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று 200 வரை போகும் ரெஞ்சை மட்டும் வாங்குவது பணத்தை மிச்சப்படுத்துவது போலத் தெரியும். ஆனால் மரை பிய்ந்துபோகும் போல்ட்டுகள் எல்லாம் சின்னப் போல்ட்டுகள்தான். அலுமினியத்துக்குள் போகிற எம்6, ஆயில் சம்ப் பிளக், ஸ்பார்க் பிளக். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் சின்னதை வாங்குங்கள் என்பேன். ஆக்சில் நட், கிராங்க் புல்லி போல்ட் போன்றவை 200-க்கு மேலும் கேட்கும். ஆண்டுக்கு ஒரு தடவை வரும் அந்த வேலைக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

துல்லியம் எந்தக் கணக்கில் சொல்லப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ‘காட்டும் அளவில் ±4 சதவீதம்’ என்பது ஒன்று, ‘முழு ஸ்கேலில் ±2 சதவீதம்’ என்பது வேறு. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 200 நியூட்டன் மீட்டர் கருவியில் அது எங்கேயும் ±4 நியூட்டன் மீட்டர். நீங்கள் 40-க்கு இறுக்கும்போது பத்து சதவீதப் பிழை ஆகிவிடும்.

வகைகளில், ‘டிக்’ ரெஞ்ச்தான் பரவலாகக் கிடைப்பது. குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங் ஒரு சிறு கட்டையை அழுத்திப் பிடித்திருக்கும். முறுக்கு அந்த அழுத்தத்தை மிஞ்சியதும் கட்டை சாய்ந்து, உள்தண்டு குழாய்ச் சுவரில் தட்டும். சத்தம் அதுதான். கவனிக்க வேண்டியது: தட்டிய பிறகு ரெஞ்ச் விலகிக்கொள்வதில்லை. நீங்கள் தொடர்ந்து இழுத்தால் சாதாரண ராட்செட் போல முழு பலத்தையும் போல்ட்டுக்கே கடத்தும். எல்லை வந்ததும் தானே வழுக்கி விலகும் வகை வேறு. சைக்கிளின் கார்பன் பாகங்களுக்கு 4, 5, 6 என்று நிலையான அளவில் வரும் சிறு சாவிகளில் பல அந்த வகை.

வளைகம்பி வகையை இப்போது யாரும் சீந்துவதில்லை, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஒரு கம்பி வளையும், பக்கத்தில் வளையாத முள் ஸ்கேலைக் காட்டும், அவ்வளவுதான். உள்ளே தளர்ந்துபோக எதுவும் இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்காவிட்டால் விரலால் வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். இடப்பக்கம் திருப்பி இறுக்கும் இடஞ்சுழி மரையிலும் வேலை செய்யும். ஸ்கேலை நேர் எதிரே பார்த்துப் படிக்க வேண்டும் என்பதும், பிடி நடுவிலிருக்கும் ஆணியில் மட்டும் தாங்கி ஆட வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். பிடியின் ஓரம் கம்பியில் இடித்தால் அளவு தப்பும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைப் படிப்பது முடியாத காரியம், அது உண்மைதான். எலக்ட்ரானிக் வகை, கோணமும் அளக்குமானால் மட்டுமே கூடுதல் விலைக்குத் தகும்.

கையாளும் முறை

முதலில் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைக்கவும். ஒரு முனை மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கி நிற்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அது போக இடமில்லாமல் வார்ப்பையே விரிசல் விடச் செய்யும். எஞ்சின் பிளாக்குகள் இப்படி உடைந்திருக்கின்றன. பிறகு விரலால் திருகுங்கள். நாலைந்து சுற்று விரலிலேயே போகவில்லையென்றால் மரை கோணலாகக் கடித்திருக்கிறது. அந்த நிலையில் டார்க் ரெஞ்ச் காட்டும் எண் வெறும் உரசலின் எண். சாதாரண ராட்செட்டால் தலை உட்காரும்வரை இறக்கிவிட்டு, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் டார்க் ரெஞ்சை எடுக்கவும்.

அலகைச் சரிபார்க்காமல் எண்ணை வைக்காதீர்கள். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.81 நியூட்டன் மீட்டர், ஒரு பவுண்டு அடி 1.356 நியூட்டன் மீட்டர். பழைய மேனுவலில் 2.5 என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கிலோகிராம் மீட்டர், ஏறத்தாழ 24.5 நியூட்டன் மீட்டர். மிக மோசமான குழப்பம் பவுண்டு இன்ச்சை பவுண்டு அடி என்று படிப்பது. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

பூட்டைத் தளர்த்திப் பிடியைத் திருகி அளவை வையுங்கள். தண்டில் 40-ஆம் கோடு, சுழலும் வளையத்தில் 6 என்றால் 46. அதிக எண்ணிலிருந்து குறைந்த எண்ணுக்கு வரும்போது நேராக அங்கே நிறுத்தாமல், கொஞ்சம் கீழே போய் மறுபடி மேலேறி வந்து நிறுத்துங்கள். ரெஞ்சின் உள்மரையில் இருக்கும் தளர்ச்சி தரும் பிழை அப்போது வராது. நெடுநாள் கிடப்பில் இருந்த ரெஞ்சானால், உள்ளே கிரீஸ் பரவட்டும் என்று வைஸில் பிடித்த ஒரு பெரிய போல்ட்டில் நாலைந்து தடவை ‘டிக்’ செய்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பிடியின் நடுக்கோட்டில் கை வைத்து, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக இழுக்கவும். முதல் ‘டிக்’கில் நிறுத்தவும். ‘சும்மா ஒரு தடவை உறுதி செய்துகொள்ளலாம்’ என்று மறுபடி இரண்டு முறை தட்டுகிறவர்கள் ஒவ்வொரு தட்டுக்கும் போல்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக நகர்த்துகிறார்கள். பிடியில் குழாய் செருகி நீட்டுவதும் கூடாது. குழாய் தேவைப்படுகிறதென்றால் ரெஞ்ச் சிறியது.

போல்ட் நகர்ந்துகொண்டிருக்கும்போது கிடைக்கும் அளவு மட்டுமே அளவு. நின்றுவிட்ட போல்ட்டை மறுபடி அசைக்க அதிக முறுக்கு வேண்டும், ஏனென்றால் நிலை உராய்வு எப்போதும் கூடுதல். அதனால் ஏற்கெனவே இறுக்கிய நட்டில் ரெஞ்சை வைத்து ‘டிக்’ கேட்டால், அது குறைந்தபட்சம் அவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இரு மடங்கு இருந்தாலும் அதே சத்தம்தான். காற்றழுத்தத்தில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சால் சக்கர நட்டை அடித்து இறுக்கிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் ஒரு சுற்று ‘டிக்’ ‘டிக்’ என்று போவது வெறும் சடங்கு. சந்தேகமிருந்தால் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி ஒரே இழுப்பில் இறுக்குங்கள். போல்ட் கீச்சிட்டுக்கொண்டு விட்டுவிட்டு நகர்ந்தாலும் அப்படித்தான்: கழற்றி, துடைத்து, மறுபடி.

எண் ஏறாமல் போல்ட் மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். போல்ட் நீள்கிறது, அல்லது எதிர் மரை பிய்கிறது. மனிதர்களில் மரை கழன்றவரோடு எப்படியோ காலம் தள்ளலாம். அலுமினியத்தில் கழன்றால் துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஸ்டீல் கம்பிச் சுருள் மரை செருகித்தான் ஆக வேண்டும்.

பல போல்ட்டுகள் சேர்ந்து ஒரு பாகத்தைப் பிடிக்கும் இடத்தில், ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. முதல் சுற்று மூன்றில் ஒரு பங்கு, இரண்டாவது மூன்றில் இரண்டு, மூன்றாவது முழு அளவு. சிலிண்டர் ஹெட் என்றால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சக்கரம் என்றால் நட்சத்திர வடிவில் எதிரெதிராக. கடைசியாக முழு அளவில் வட்டமாக ஒரு சுற்று வாருங்கள். கேஸ்கெட் அமுங்கியதால் முதலில் இறுக்கியவை தளர்ந்திருக்கும். சக்கர நட்டுகளை 50–100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி பார்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் அகப்பட்ட துருவும் பெயின்ட்டும் நசுங்கிப் பிடி குறைந்திருக்கும்.

நைலான் வளையம் உள்ள லாக் நட்டில், நட் உட்காரும் முன்னாலேயே திருக ஒரு முறுக்கு தேவைப்படும். அந்த ஓட்ட முறுக்கு 3 நியூட்டன் மீட்டர், மேனுவல் சொல்வது 25 என்றால், 28-இல் வையுங்கள். மேனுவலே அதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் வேண்டாம்.

சாக்கெட் போக இடமில்லாத இடத்தில் ரெஞ்சின் முனையில் காகக்கால் ஸ்பேனர் (பக்கவாட்டில் நீளும், வாய் திறந்த குட்டை ஸ்பேனர்) மாட்டுவார்கள். அது ரெஞ்சுக்கு நேர்கோட்டில் நீண்டால் கை நீளம் கூடிவிடும், எண்ணைக் குறைக்க வேண்டும். சதுர முனையிலிருந்து பிடியின் நடுவரை 400 மில்லிமீட்டர், காகக்கால் நீட்டுவது 50 மில்லிமீட்டர், போல்ட்டுக்கு வேண்டியது 90 என்றால்: 90 × 400 ÷ 450 = 80. ரெஞ்சில் 80 வைக்கவும். காகக்காலை 90 டிகிரியில் திருப்பி மாட்ட முடிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவில் போடும் நேரான எக்ஸ்டென்ஷன் ராடு அளவை மாற்றாது, ரெஞ்ச் சாயாமல் மறு கையால் தலையைத் தாங்கிக்கொண்டால் போதும். மடங்கும் மூட்டு மாட்டி வளைத்து இறுக்குவது மட்டும் வேண்டாம்.

‘40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, பிறகு 90 டிகிரி’ என்று மேனுவலில் வரும் இடங்கள்தான் டார்க் ரெஞ்சின் எல்லை. முதல் 40, பாகங்களை ஒட்டவைக்க. அதன்பின் உராய்வு எப்படியிருந்தாலும் கவலையில்லை. ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் இறங்கும் மரையில் 90 டிகிரி என்றால் போல்ட் 0.375 மில்லிமீட்டர் இறங்கியே தீரும். எண்ணெய் கூடியதோ குறைந்ததோ அதை மாற்றாது. வேண்டுமென்றே நீளும் எல்லைக்குக் கொண்டுபோகும் போல்ட்டுகளை இப்படி இறுக்குகிறார்கள். அப்படிப்பட்டவற்றைக் கழற்றினால் மறுபடி போடக் கூடாது, புதிதுதான். கோண அளவி இல்லையென்றால் போல்ட் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் 90 டிகிரியைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சைக்கிளின் இடது பெடல் போன்ற இடஞ்சுழி மரைக்கு முன் ரெஞ்சில் இருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். ராட்செட் இரு பக்கமும் மாறும், ஆனால் பல ‘டிக்’ ரெஞ்சுகள் வலப்பக்கம் மட்டுமே அளக்கும். இடப்பக்கம் சத்தமே வராது.

வைப்பதும் சோதிப்பதும்

வேலை முடிந்ததும் ஸ்கேலின் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கிவையுங்கள். அதற்கும் கீழே திருகினால் உள்ளிருக்கும் கட்டை இடம் நழுவும். உயர்ந்த எண்ணிலேயே மாதக்கணக்கில் விட்டால் ஸ்பிரிங் தளரும். துரு பிடித்த நட்டைக் கழற்ற இதை எடுக்காதீர்கள். கீழே போட்டுவிட்டால் சோதிக்காமல் நம்பாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்ச் கிடையாக நிற்கும்படி, கீழே அழுத்தினால் இறுகும் திசையில் வையுங்கள். பிடியின் நடுக்கோட்டில் கயிறு கட்டி எடையைத் தொங்கவிட வேண்டும். 20 கிலோ, 0.40 மீட்டர் தூரம்: 20 × 9.81 × 0.40 = 78.5 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுவார்கள். விரல் மேல் வைத்து அது சமநிலையில் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். 1.2 கிலோ ரெஞ்ச், சதுர முனையிலிருந்து 0.20 மீட்டரில் சமநிலை என்றால் இன்னொரு 2.4. மொத்தம் 81. ரெஞ்சை 70-இல் வைத்து எடையை மெதுவாக விடுங்கள், ‘டிக்’ வரும். எடையைத் தூக்கி, எண்ணைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி விடுங்கள். எந்த எண்ணில் ‘டிக்’ வராமல் நிற்கிறதோ அது 78-க்கும் 84-க்கும் நடுவில் இருந்தால் நான்கு சதவீதத்துக்குள் இருக்கிறது. கயிறு 5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை வரும், தூரத்தைச் சரியாக அளங்கள்.

தப்பாக இருந்தால் உள்ளிருக்கும் திருத்தத் திருகை நீங்களே திருக வேண்டாம், அளவுத்திருத்தக் கூடத்துக்குக் கொடுங்கள். தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 5,000 தடவை, எது முதலில் வருகிறதோ அது. கொடுக்கும்போது, திருத்திய பின் எடுத்த அளவுகளோடு திருத்துவதற்கு முன் அது காட்டிய அளவுகளையும் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடந்த ஒரு வருடத்தில் அந்த ரெஞ்சால் இறுக்கிய போல்ட்டுகளில் எவற்றைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை அந்த முந்தைய அளவுகளிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.